மெருகேற்றிக் கெடுக்கப்பட்ட பழைய லீ-என்ஃபீல்டு: மீட்பதா, அப்படியே விடுவதா?

பட்டறைவாசி (தொடங்கியவர்):
உரிமத்துடன் என் கைக்கு வந்திருப்பது 1916 ஆம் ஆண்டு முத்திரையுள்ள, பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள். இதற்கு முன் வைத்திருந்தவர் இதைப் புதிதாக்கிக் காட்டும் ஆசையில் குழலையும் அதன் பின்னால் இயங்குபாகங்களைத் தாங்கும் ரிசீவரையும் பஃபிங் (மெருகேற்றும்) சக்கரத்தில் கொடுத்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கி, அதன்மேல் சூடான காஸ்டிக் குளியலில் புளூயிங் (எஃகுக்கு நீலக்கருமை நிறமேற்றல்) செய்திருக்கிறார். மரக்கட்டையை உப்புத்தாளால் தாராளமாகத் தேய்த்துத் தடித்த வார்னிஷ் அடித்திருக்கிறார். பின்கட்டை முனையிலுள்ள பித்தளைத் தகட்டின் விளிம்பு இப்போது மரத்தைவிட மேலெழுந்து நிற்கிறது. விரலை ஓட்டினால் நகம் தட்டுகிறது. வரிசை எண்ணைப் படிக்க முடிகிறது, ஆனால் கிரீட முத்திரையும் அதன் கீழுள்ள எழுத்துகளும் பாதி கரைந்துவிட்டன. எல்லாவற்றையும் களைந்து பழைய முறைப்படி மீண்டும் செய்யலாமா, அல்லது கைவைக்காமல் இருப்பதுதான் நல்லதா?

எஃகுநேசன்:
தயக்கமின்றிக் களையுங்கள். அந்தக் காலத்து ராணுவத் துப்பாக்கிக்கு இப்படிப்பட்ட பளபளப்பு ஒருபோதும் இருந்ததில்லை. எஃகின் மீது மெல்லிய துருவை வேண்டுமென்றே ஏற்றி, கொதிநீரில் இட்டு அந்தச் செந்துருவைக் கருமையான இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டாக மாற்றி, மேலே தளர்ந்து நிற்பதை நுண்ணிய ஸ்டீல் வுல்லால் துடைத்தெடுத்து, நிறம் ஆழமாகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் துருவேற்றிக் கருமையாக்கும் முறை. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காஸ்டிக் சோடா, நைட்ரேட் கலவையில் முக்கியெடுக்கும் வேகமான முறை 1930களுக்குப் பிறகே பரவலானது. எனவே இப்போது இதன்மேல் இருக்கும் நிறம் அந்தக் காலத்துக்கே உரியதன்று.

ஆவணக்காப்பாளர்:
எஃகுநேசன் சொல்லும் வேதியியலில் பிழையில்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பஃபிங் சக்கரம் கெடுத்தது நிறத்தை மட்டுமன்று. திருகுத் துளைகளின் வாய் குழிந்திருக்கும், ரிசீவரின் கூரிய விளிம்புகள் மழுங்கியிருக்கும், முத்திரைகளின் ஆழம் குறைந்திருக்கும். எந்தக் காலத்து முறையில் கருமையேற்றினாலும் போன எஃகு திரும்பி வராது. மழுங்கிய உருவத்தின்மேல் சரியான நிறத்தைப் பூசினால், சந்தையில் அடுத்து வாங்குபவர் அதை அசல் என்று நம்பி ஏமாற வாய்ப்பு அதிகமே தவிர, துப்பாக்கிக்கு ஒரு நன்மையும் இல்லை. இப்போதிருக்கும் பளபளப்பாவது தன் கதையை ஒளிக்காமல் சொல்கிறது.

எஃகுநேசன்:
ஏமாற்றுவது விற்பவரின் வாய், பூச்சு அன்று. என்ன செய்யப்பட்டது என்பதை எழுதி, படமெடுத்து, துப்பாக்கியுடனேயே வைத்தால் போதுமானது. மேலும், மீண்டும் கருமையேற்ற எஃகை அராவ வேண்டும் என்று நீங்கள் எண்ணுவதாகத் தெரிகிறது. புளூயிங் என்பது ஓர் ஆக்சைடு படலம். வினிகர் போன்ற மென்மையான அமிலமே அதைக் கரைத்துவிடும். துருவேற்றும் வேலையே மேற்பரப்பை மங்கலாக்கிவிடுவதால், பளபளப்பைப் போக்க உப்புத்தாளைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை. சுருள்வில்களை மட்டும் அமிலத்தில் போட்டுவிடாதீர்கள். அமிலத்தில் உருவாகும் ஹைட்ரஜன் அவற்றை நொறுங்கச் செய்யக்கூடும். குழலின் உட்புறத்தையும் இரு முனைகளிலும் இறுக அடைத்துவிட வேண்டும்.

ஆவணக்காப்பாளர்:
அராவ வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துருவேற்றும் ஒவ்வொரு சுற்றும் எஃகைச் சிறிதளவாவது தின்றுதான் நிறம் தருகிறது. ஆழமான முத்திரைக்கு அது பொருட்டே இல்லை. பாதி கரைந்த கிரீடத்துக்கு அது பொருட்டுதான். இன்னொன்றையும் கேட்கிறேன்: அசல் என்று எந்த நிலையைச் சொல்கிறீர்கள்? இந்தத் துப்பாக்கிகள் ராணுவத் தொழிற்சாலைகளிலேயே முழுமையாகப் பிரித்துப் பழுதுபார்க்கப்பட்டு, பல தடவை மறுபூச்சு கண்டவை. பிற்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவமே கருப்பு வண்ணம் பூசி அடுப்பில் உலர்த்தியது. கட்டை மாறியிருக்கலாம், குழலே மாறியிருக்கலாம். 1916 இல் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நிலைக்கு இதைக் கொண்டுபோவது என்றால், இடையிலிருந்த அத்தனை வருடங்களையும் அழிப்பது என்று பொருள்.

எஃகுநேசன்:
வரவேற்பறையில் யாரோ ஒருவர் செய்த பளபளப்பையும் ராணுவப் பட்டறையின் மறுபூச்சையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே! முன்னது வரலாறு என்றால், அடுத்து நாம் செய்வதும் வரலாறுதான்.

மரத்தச்சன்:
இருவரும் எஃகிலேயே நிற்கிறீர்கள். கட்டையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அங்கே விடை இவ்வளவு சிக்கலானதன்று. வார்னிஷ் என்பது மேலே சேர்க்கப்பட்ட பொருள். அதை எடுத்தால் மரத்துக்கு இழப்பில்லை. முதலில் அது எத்தகையது என்று பாருங்கள். வெளியே தெரியாத ஓர் இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அரக்கு மெருகு. அசையாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன். அதற்கு வார்னிஷ் நீக்கும் பசைதான் வேண்டும். காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து, தடிப்பாகப் பூசி, நுரைத்துச் சுருங்கியதும் மரச் சில்லாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுங்கள். உலோகத் தகடு கூடாது. அடுப்பு துடைக்கும் காரத் திரவத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது வால்நட் மரத்தைக் கறுக்கச் செய்யும், நார்களையும் பலவீனமாக்கும்.

உப்புத்தாளை இனி மறந்துவிடுங்கள். அழுந்திய பள்ளங்களின்மேல் ஈரத்துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவியில் நார்கள் உப்பிப் பெரும்பாலான பள்ளங்கள் எழுந்துவிடும். தேய்த்து அகற்றிய மரம் மட்டும் ஆவியால் எழாது. ஆகையால் அந்தப் பித்தளை விளிம்பு மேலெழுந்தே இருக்கும். அதை அராவி மரத்துக்குச் சமமாக்கத் தோன்றும்; செய்யாதீர்கள். அந்தத் துப்பாக்கியில் இன்னும் அசல் அளவில் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு பொருள்களில் அது ஒன்று.

ஆவணக்காப்பாளர்:
மரத்தச்சன் சொல்வதில் எனக்கு முரண்பாடே இல்லை. கட்டையில் மங்கலாகவாவது முத்திரைகள் மிஞ்சியிருந்தால், பசை பூசுவதற்கு முன் சாய்ந்த ஒளியில் படமெடுத்துவிடுங்கள்.

பட்டறைவாசி:
கரைந்த முத்திரைகளை மீண்டும் பொறித்துத் தருவதாக ஒரு கைவினைஞர் சொல்கிறார். மரத்துக்கு எந்த எண்ணெய் என்பதையும் சொல்லுங்கள்.

எஃகுநேசன்:
பொறிப்பது மட்டும் வேண்டாம். இதில் நானும் ஆவணக்காப்பாளர் பக்கம்தான். நிறத்தை மாற்றுவது வேறு, சான்றைப் புனைவது வேறு. வரிசை எண்ணில் கைவைப்பது பல நாடுகளில் நேரடியான குற்றமும்கூட.

மரத்தச்சன்:
பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்தியது ஆளிவிதையின் பச்சை எண்ணெய். அது உலர வெகுநாளாகும். மெல்லிய பூச்சாகப் பூசி, கையால் சூடேறத் தேய்த்து, மிகுதியைத் துடைத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். காய்ச்சியது என்று விற்கப்படும் எண்ணெயில் விரைவாக உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அதையும் தடித்துப் பூசினால் பிசின்போல் ஒட்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது எழும் வெப்பம் குவியலுக்குள் அடைபட்டுத் தானாகவே தீப்பற்றும். திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.

பட்டறைவாசி:
வார்னிஷைக் களைந்து எண்ணெய் இடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எஃகைப் பற்றி இருவர் வாதமும் எனக்குச் சரியாகவே படுவதால், இப்போதைக்கு எண்ணெய் துடைத்து அப்படியே வைக்கிறேன். வேறு வேலை எதற்கும் முன்னால் துப்பாக்கித் தொழில் அறிந்த ஒருவரிடம் தோட்டா அமரும் அறையின் ஹெட்ஸ்பேஸ் அளவை (தோட்டா அமர விடப்பட்டிருக்கும் இடைவெளியை) சரிபார்த்துக்கொள்கிறேன். பின்கட்டைத் தகட்டைக் கழற்றினால் உள்ளே நீண்ட போல்ட் ஒன்று தெரிகிறது. அதைத் திருப்பிப் பின்கட்டையை முதலில் கழற்றலாமா?

எஃகுநேசன்:
எஃகைப் பற்றிய வாதத்தை நான் இன்னும் விட்டுவிடவில்லை. அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டே எத்தனை காலம் பொறுப்பீர்கள் என்று பார்ப்போம்.

மரத்தச்சன்:
அந்த போல்ட்டை இப்போது தொடாதீர்கள்! இந்த வகையில் அதன் முன்முனை சதுரமாக இருக்கும். முன்கட்டையின் பின்புறத்தில் பதித்த ஒரு சிறு தகட்டின் பள்ளத்துக்குள் அது போய் அமர்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருப்பினால் அந்தச் சதுரமும் உடன் திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். எனவே முதலில் குழல்முனைப் பக்கமுள்ள மூக்குப் பூண், வளையங்கள், விசைக்காப்பு ஆகியவற்றை எடுத்து, உள்வளையத் திருகையும் அதனுடன் இருக்கும் சிறு சுருள்வில்லையும் தவறவிடாமல் பத்திரப்படுத்துங்கள். பிறகு முன்கட்டையை ஒரு முனையில் நெம்பாமல் முழு நீளத்திலும் சமமாக விடுவியுங்கள். அதன் பிறகுதான் நீண்ட திருப்புளியைப் பின்கட்டைக்குள் விட வேண்டும். திரும்பப் பூட்டும்போது பின்கட்டையை முதலில் இறுக்கி, சதுர முனை பள்ளத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முன்கட்டையை ஏற்றுங்கள்.