கொல்லிமலை ஆகாய கங்கை: முட்டி வலி உள்ள அப்பாவை அழைத்துப் போகலாமா?

சேலத்து மகள்:
மே கடைசி ஞாயிறு, ஒரே நாளில் கொல்லிமலை போய்வரத் திட்டம். நான், 9 வயது மகள், 66 வயது அப்பா. அப்பாவுக்கு வலது முட்டியில் தேய்மானம். ஆனாலும் ஆகாய கங்கை அருவியில் குளித்தே ஆக வேண்டும் என்கிறார். அருவிக்கு இறங்கப் படி ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதாமே, அவரால் முடியுமா? கோடையில் தண்ணீர் இருக்குமா?

காரவள்ளிக்காரன்:
வேண்டாம் சகோதரி. இறங்கும்போது யாருக்கும் கஷ்டம் தெரியாது, அதில்தான் ஏமாந்துவிடுகிறோம். இரண்டு வருடம் முன்பு என் அம்மாவைக் கூட்டிப் போனேன். இறங்கும்போது எனக்கு முன்னால் போனவர், திரும்பும்போது ஈரப் புடவை காலைச் சுற்ற, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏறினார். இடது காலை வைப்பார், வலது காலைப் பக்கத்தில் சேர்ப்பார், நின்று மூச்சு வாங்குவார், அப்புறம்தான் அடுத்த படி. மேலே வர இரண்டரை மணி நேரம். கீழே போய்விட்டால் ஏறித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. அன்று அவர் முகத்தைப் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அப்பா குளிக்க மாசிலா அருவி இருக்கிறது. அங்கே படி கொஞ்சம்தான். நம்மருவியும் அப்படியே. நீங்களும் பாப்பாவும் ஆகாய கங்கைக்கு இறங்கும்போது அவர் அறப்பளீஸ்வரர் கோயிலில் இருக்கட்டும். படி தொடங்குவது அதன் பக்கத்தில்தான். கோயில் ஆற்றில் மீனுக்குப் பொரி போடலாம். அதைச் சாமி மீன் என்று யாரும் பிடிப்பதில்லை.

தண்ணீர் மழையைப் பொறுத்தது. 300 அடி உயரத்திலிருந்து விழுவது ஐயாறு என்ற ஆறு. கோடை மழை பெய்திருந்தால் கிட்டேயே நிற்க முடியாது, சாரல் ஊசியாய்க் குத்தும். பெய்யாவிட்டால் பாறையை ஒட்டி மெலிசாக வழியும். மேலே மழை பிடித்தால் திடீர் வெள்ளம் வரும், வனத்துறை விடாது. காலையிலேயே இறங்கிவிடுங்கள். கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு விடாது.

மிளகுக்கொடி:
மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவு. பாப்பாவுக்கு வயிறு நிறையக் கொடுத்து ஏற்றாதீர்கள். ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள், மிளகு காரத்தில் களைப்பு இறங்கும். மே மாதம் பலாவும் நன்றாக இருக்கும், திரும்பும்போது சோளக்காட்டுச் சந்தையில் வாங்கலாம்.

சேலத்து மகள்:
ரொம்ப நன்றி. உங்கள் அம்மா படியேறியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி, மாசிலாவுக்கே போகலாம்" என்றார். அந்த அம்மாவுக்கு இப்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

காரவள்ளிக்காரன்:
நன்றாக இருக்கிறார். தினமும் கோயிலுக்கு நடந்தே போகிறார். அப்பா கேட்டதாகச் சொல்கிறேன்.