உதவி தேவை: தனித்தனியே பதிவு செய்த குரல்கள் பாடலின் முடிவில் சேரவில்லை

சுதிதேடி:
வணக்கம். எங்கள் சேர்ந்திசைக் குழுவினர் அவரவர் வீட்டிலிருந்து பாடி அனுப்பிய 22 குரல்களை ஒன்றாக இணைத்துக்கொண்டிருக்கிறேன். தொடக்கத்தில் உள்ள கைத்தட்டலை வைத்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டேன். அங்கே ஒரு குறையும் இல்லை. ஆனால் போகப் போகச் சில குரல்கள் முந்திக்கொண்டு விடுகின்றன. கடைசிச் சொல்லின் ‘ட்’ ஒலி ஒரே இடத்தில் விழாமல் இரண்டு முறை கேட்கிறது. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். என்ன காரணம் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

அலைவரிசை:
புளூடூத் ஹெட்போன்தான் காரணம். அதில் ஒலி தாமதமாகத்தான் காதுக்கு வந்து சேரும். எல்லோரையும் கம்பி உள்ள ஹெட்போனில் மீண்டும் பாடச் சொல்லுங்கள்.

தாளக்கணக்கு:
அலைவரிசை அவர்களே, புளூடூத் தாமதம் முதலிலிருந்து முடிவு வரை ஒரே அளவாக இருக்கும். அதனால் பாடுபவர் பிந்துவாரே தவிர, முந்த மாட்டார். பதிவு வேகத்தின் மீதும் எனக்கு ஐயம் இல்லை. வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) என்ற வேகத்தில் பதிவானதை 44,100 எனக் கொண்டு ஓட்டினால் பாடல் நீள்வதோடு சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) இறங்கிவிடும். அது யார் காதுக்கும் தப்பாது.

சுதிதேடி, முக்கியமானவற்றை நீங்கள் சொல்லவே இல்லை. டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை பீட், அதாவது தாள அடி) எவ்வளவு? முந்துபவர்கள் எத்தனை பேர், எந்தக் குரல் வரிசை? முடிவில் எத்தனை வினாடி வேறுபாடு? எல்லோரும் கேட்டுப் பாடியது ஒரே கைட் டிராக்கா (வழிகாட்டும் ஒலிப்பதிவா)? வேறுபாடு சிறிது சிறிதாகக் கூடுகிறதா, ஓரிடத்தில் திடீரென்று வருகிறதா?

மூத்தகுரல்:
30 ஆண்டுகளாகக் குழு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கருவிகளைப் பற்றிய கேள்வியே அல்ல. அரங்கில் நிற்பவர் பக்கத்துக் குரலைக் கேட்டு, அதன் மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்துப் பாடுகிறார். உங்களிடம் இருப்பவை 22 தனிப்பாடல்கள். குழுவை நடத்தும் கையசைவை முழுமையாகக் கற்றுக்கொள்ளும் முன்பே மென்பொருளைத் திறந்துவிடுவதால் வரும் வினை இது.

இரண்டாம்ஆல்டோ:
ஐயா, படுக்கையில் இருக்கும் அம்மாவை விட்டு ஒத்திகைக்கு வர இயலாதவள் நான். இப்படிப் பதிவு செய்து அனுப்புவதால்தான் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் நேரலையாகச் சேர்ந்து பாடலாமே என்பார்கள். 25 மில்லிவினாடித் தாமதம் என்பது எட்டரை மீட்டர் தள்ளி நிற்பவரோடு பாடுவதற்குச் சமம்; அதுவரை சமாளிக்கலாம். வழக்கமான காணொலி அழைப்பில் தாமதம் அதைப் போலப் பல மடங்கு. அதனால்தான் தனித்தனியே பதிவு செய்கிறோம். 2010-இல் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 12 நாடுகளிலிருந்து 185 குரல்களைச் சேர்த்தபோது, பாடியவர்கள் ஒவ்வொருவரும் திரையில் அவருடைய கையசைவைப் பார்த்துத்தான் பாடினார்கள். அங்கே நடத்துநர் இல்லாமல் போய்விடவில்லை.

மூத்தகுரல்:
உங்கள் நிலை புரிகிறது, அம்மா, பாடுவதை விடாதீர்கள். ஆனால் பியானோவில் வாசித்த கைட் டிராக்கைக் கேட்டுப் பாடுகிறவர்கள் ஸ்வரக்கூட்டின் (கார்டு) மூன்றாம் சுரத்தைப் பியானோவில் உள்ளபடியேதான் பாடுவார்கள். தூய மேஜர் மூன்றாம் சுரம் அதைவிட 14 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வானது. அரங்கில் நல்ல குழு கேட்டுக் கேட்டு அந்த இடத்துக்கு இறங்கி வரும். கடைசி ஸ்வரக்கூட்டு அப்போதுதான் மணி போல ஒலிக்கும். ஹெட்போனில் அது நடக்காது.

இரண்டாம்ஆல்டோ:
எங்கள் நடத்துநர் கைட் டிராக்கைப் பியானோவில் வாசிப்பதில்லை. முதலில் பேஸ் (ஆண்களின் தாழ்குரல்) வரிசையைப் பாட வைத்துப் பதிவு செய்து, அதைக் கேட்டு டெனர் (ஆண்களின் மேல்குரல்), பிறகு ஆல்டோக்களான (பெண்களின் தாழ்குரல்) எங்களை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். அதில் அந்த மூன்றாம் சுரத்தை நான் பேஸின் மேல்தான், அதோடு இசையும்படி, வைக்கிறேன்.

அலைவரிசை:
எனக்கு இன்னமும் புளூடூத் மீதுதான் சந்தேகம்.

சுதிதேடி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். எல்லோரும் கம்பி உள்ள ஹெட்போனையே பயன்படுத்தினார்கள். டெம்போ 72. முந்துபவர்கள் நால்வர், நால்வரும் ஆல்டோ. கடைசி ‘ட்’ இரண்டுக்கும் இடையே அளந்து பார்த்தேன், 0.83 வினாடி வருகிறது. வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவில்லை.

தாளக்கணக்கு:
60-ஐ 72-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.83. சரியாக ஒரு பீட். கருவியால் வரும் பிசகு இவ்வளவு கச்சிதமாக ஒரு பீட்டில் வந்து நிற்பது மிக அரிது. அந்த நால்வரின் பாட்டில் எங்கோ ஒரு பீட் குறைகிறது. பாடலில் ஃபெர்மாட்டா (ஒரு சுரத்தை வழக்கத்தைவிட நீட்டி நிறுத்தச் சொல்லும் குறி) இருக்கிறதா? அரங்கில் அதன் நீளத்தை, நடத்தும் உங்கள் கை அந்த நேரத்தில் முடிவு செய்யும். கைட் டிராக்கிலோ அதற்கு எத்தனை பீட் என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பீர்கள். அந்த எண்ணிக்கையை இடையில் மாற்றினீர்களா? நால்வரிடமும் உள்ள கோப்பின் நீளத்தை உங்களிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூத்தகுரல்:
இது சரியான கேள்வி. ஃபெர்மாட்டாவைத்தான் நானும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சுதிதேடி:
அதேதான். 32-ஆம் பாரில் (தாளக் கட்டத்தில்) ஃபெர்மாட்டா. முதலில் மூன்று பீட் வைத்திருந்தேன்; அவசரமாக முடிவதுபோல் தோன்றியதால் மறுநாள் நான்காக்கி வேறு கோப்பு அனுப்பினேன். முதல் நாளே பதிவிறக்கிக்கொண்ட நால்வர் பழையதைக் கேட்டே பாடியிருக்கிறார்கள். ஃபெர்மாட்டாவுக்குப் பிறகு மூச்செடுக்கும் இடத்தில் வெட்டி, நால்வரையும் ஒரு பீட் தள்ளி வைத்தேன். இப்போது ‘ட்’ ஒன்றாக விழுகிறது. அனைவருக்கும் நன்றி.

இரண்டாம்ஆல்டோ:
மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த நால்வரின் நீட்டல் மூன்றாம் பீட்டிலேயே முடிந்துவிடுமே, நான்காம் பீட்டில் ஆல்டோ வரிசை மெலிந்து கேட்கவில்லையா? மற்ற ஆல்டோக்கள் எத்தனை பேர்? இருவர் மூவர்தான் என்றால், அந்த ஒரு சுரத்தை மட்டும் நால்வரிடமும் மீண்டும் பாடி வாங்கிவிடுங்கள்.