உதரவிதானக் குடலிறக்கமா, உதரவிதானவழிப் பிதுக்கமா?

> பெற்றோருக்கான கையேட்டில் ‘பிறவி உதரவிதானக் குடலிறக்கம்’ என்றே எழுதிவிடலாமா? ‘குடலிறக்கம்’ எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

வணக்கம் ஐயா,

பழகிய சொல் என்பதுதான் இங்கே இடைஞ்சல். குடலிறக்கம் என்றதும் அடிவயிற்றிலோ விரைப்பையிலோ குடல் இறங்குவதுதான் நினைவுக்கு வரும். இந்த நோயிலோ, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தில் பிறவியிலேயே உள்ள துளை வழியே குடல் மேலேறி நெஞ்சுக்குள் புகுந்துவிடுகிறது. இரைப்பையும் மண்ணீரலும், சில குழந்தைகளுக்கு ஈரலும்கூட உடன் போகும். பத்தில் எட்டுப் பேருக்கு இடப்பக்கத்தில்தான் துளை. பிறந்த குழந்தையின் வயிறு ஒட்டிக் கிடக்கும். இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மூச்சொலி மங்கி, சில சமயம் குடல் இரைவது கேட்கும்.

பெயரில் ‘இறக்கம்’ இருந்தால், “தைத்துவிட வேண்டியதுதானே, ஏன் அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள்?” என்று பெற்றோர் தவித்துப் போவார்கள். ஆனால் துளையைவிட, கருவிலேயே இடமின்றி வளர்ச்சி குன்றிய நுரையீரலும், அதன் ரத்தக்குழாய்களில் ஏறிய அழுத்தமும்தான் உயிருக்கு உலை வைப்பவை. அதனால்தான் பிறந்த உடனேயே மூச்சுக்குழலில் குழாய் செருகி, மிதமான அழுத்தத்தில் செயற்கைச் சுவாசம் கொடுக்கிறார்கள். முகமூடி வைத்துப் பையை அழுத்துவதைத் தவிர்க்கிறார்கள். அந்தக் காற்று நெஞ்சில் கிடக்கும் இரைப்பையை உப்பவைத்து நுரையீரலை இன்னும் நெருக்கிவிடும். இரைப்பையில் சேர்வதை ஒரு குழாய் வழியே வெளியேற்றுகிறார்கள். மூச்சும் ரத்த ஓட்டமும் சீரான பிறகே அறுவை: உறுப்புகளை வயிற்றுக்குள் இறக்கி, துளையைத் தைக்கிறார்கள், பெரிய துளையென்றால் செயற்கைத் துண்டு வைத்து மூடுகிறார்கள்.

என் பரிந்துரை ‘உதரவிதானப் பிதுக்கம்’.

———

அம்மா, வணக்கம்.

‘இறக்கம்’ வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் ‘உதரவிதானப் பிதுக்கம்’ என்றால் உதரவிதானமே பிதுங்குவதாகப் பொருள்படும். துளையே இல்லாமல், தசை மெலிந்து உதரவிதானம் மேலே உப்பிக்கொள்ளும் கோளாறு வேறு இருக்கிறது. தேவைப்பட்டால் அதை மடித்துத் தைத்து இறுக்குவார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் ஆகாது. ‘உதரவிதானவழிப் பிதுக்கம்’ என்று வைப்போம். வகைகளுக்கும் இது தோதாக இருக்கிறது. உடற்கூறியலாளர் போக்டாலெக் 1848இல் விவரித்தது ‘பின்பக்கத் துளைவழிப் பிதுக்கம்’; இன்னொரு உடற்கூறியலாளரான மோர்காக்னியின் பெயரால் அறியப்படுவது ‘முன்பக்கத் துளைவழிப் பிதுக்கம்’. பெரியவர்களுக்கு நெஞ்செரிச்சலோடு வருவதை ‘உணவுக்குழாய்த் துளைவழிப் பிதுக்கம்’ எனலாம்.

கையேட்டில் இச்சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும், ‘வயிற்று உறுப்புகள் நெஞ்சுக்குள் ஏறிவிடும் நோய்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.