வேதத்தை உருவகமாக வாசித்தால் மனம் அடங்குமா?

தெளிநீர்:
கோபம் தலைக்கேறும்போது நான் பிடித்துக்கொள்வது கடோபநிஷத்தின் தேரை. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. இதில் ஊறியபின் குருக்ஷேத்திரத்தையும் எங்கோ நடந்த போராக வாசிக்க முடியவில்லை. காந்தியும் அதை மனித நெஞ்சில் ஓயாமல் நடக்கும் போராகவே கண்டார். எனக்கு அமைதி அங்கேதான் கிடைக்கிறது.

கல்வெட்டு:
தேர் உருவகம் என்று அந்த உபநிஷத்தே சொல்லிவிடுகிறது. கீதை அப்படிச் சொல்லவில்லையே! அர்ஜுனன் எதிரே நிற்பவர்கள் பீஷ்மரும் துரோணரும். ஒருவர் தூக்கி வளர்த்தவர், மற்றவர் வில் கற்பித்தவர். காண்டீபம் நழுவியது அதனால்தான். அவர்களைத் தீய எண்ணங்கள் ஆக்கிவிட்டால் அவன் கேள்விக்கே இடமில்லை. தீய எண்ணத்தைக் கொல்ல எவன் அழுவான்?

தெளிநீர்:
அழுவோம் நண்பரே. பற்றும் ஆணவமும் நம்மோடே வளர்ந்தவை, விட மனம் வராது. இந்த வாசிப்பு நேற்று வந்ததும் அல்ல. ‘முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள், முப்புரமாவது மும்மல காரியம்’ என்று திருமூலரே அடித்துச் சொல்கிறார். சிவன் எரித்த மூன்று கோட்டைகள் ஆணவம், கன்மம், மாயை என்னும் நம் உள்ளழுக்குகள், அதாவது மும்மலங்கள்தான் என்கிறார்.

அகல்:
தெளிநீர் பக்கம்தான் நான். போர் வசனங்களை அப்படியே எடுத்துக்கொண்டு கொலைக்கு நியாயம் தேடியவர்கள் எல்லா மதத்திலும் உண்டு.

கல்வெட்டு:
எதிரில் நிற்கும் மனிதனைத் தீமையின் சின்னமாகப் பார்ப்பதும் உருவக வாசிப்புதான், அகல். அதுவும் ரத்தம் குடித்திருக்கிறது.

பைபிளின் சங்கீதம் 137ஐ எடுங்கள். எருசலேமைப் பறிகொடுத்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் அழுகை அது. பகைவரின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிகிறது. 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், அந்தக் குழந்தைகள் நமக்குள் முளைக்கும் தீய எண்ணங்கள் என்றார். வாசிப்பவருக்கு நிம்மதிதான். ஊர் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்களின் கதறல் எங்கே போயிற்று? எனக்கு அந்த வரி அப்படியே வேண்டும். இவ்வளவு கொடிய கோபத்தையும் கடவுளிடம் வாய்விட்டுச் சொல்லலாம் என்று தெரிந்த நாளில்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

தெளிநீர்:
அகலுக்கு நீங்கள் சொன்ன ஆபத்து உண்மை. அதற்குத்தான் திருமூலரைப் பிடித்துக்கொள்கிறேன்: அவர் எரிக்கச் சொல்வது என் மலத்தை. அதை அடுத்தவர்மேல் ஏற்றினால் அது வாசிப்பே இல்லை.

கல்வெட்டு:
சரி, நேராகக் கேட்கிறேன். போரில் வீட்டையும் பிள்ளையையும் இழந்தவர் இந்தச் சங்கீதத்தோடு உங்களிடம் வந்தால், குழந்தைகள் என்றால் உங்கள் தீய எண்ணங்கள் என்று விளக்குவீர்களா?

தெளிநீர்:
மாட்டேன். அவர் சொல்கிறபடியே உட்கார்ந்து கேட்பேன். ஓரிகனின் விளக்கம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது, பகை எனக்குள் சின்னதாக இருக்கும்போதே.