மிட் சஃபோக்ல 70 சதவீதம் மக்களா? யாரு எண்ணிப் பாத்தது?

கணக்குப்பிள்ளை:
காலையில வாட்ஸப்ல ஒரு பார்வர்டு, எழுதினது நம்ம தமிழ் ஆளு தான். "மிட் சஃபோக்ல 70 சதவீத மக்கள் கிரீன் பார்ட்டிக்கு ஓட்டுப் போட்டு டோரிய (கன்சர்வேடிவ் கட்சிய) வீட்டுக்கு அனுப்பிட்டாங்க"ன்னு. படிச்சதும் குடிச்ச காபி கசந்துடுச்சு. இங்கிலாந்துல இருக்கிற இந்த மிட் சஃபோக் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு 2023 மே 4 நடந்த தேர்தல்ல 34 சீட்டுல கிரீன்ஸ் 24 ஜெயிச்சாங்க, அத யாரும் இல்லேங்கல. 24ஐ 34ஆல வகுத்தா 70 சொச்சம் வருது. அது சீட்டுய்யா. மக்கள் இல்ல. சீட்டு வேற ஓட்டு வேறங்கிறது கூட தெரியாம எழுத வந்துடுறாங்க.

ஸ்டோமார்க்கெட்_வாசி:
எழுதினது நான் தான் சார். மழையில நாலு வாரம் வீடு வீடா நோட்டீஸ் போட்டவன், கதவைத் தட்டினவன். ஜனங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். இந்த நாட்டுலயே ஒரு கவுன்சில் முழு மெஜாரிட்டியோட கிரீன்ஸ் கைக்கு வந்தது இது தான் பர்ஸ்ட். டோரிக்கு 6, லிப்டெமுக்கு (லிபரல் டெமாக்ரட்ஸ்) 4. அந்த சந்தோஷத்துல எழுதினா காபி கசக்குதாம்.

கணக்குப்பிள்ளை:
சந்தோஷப்படுங்க, வேணாம்னு சொன்னேனா? 70 சதவீதம் *மக்கள்*னு எழுதினதத் தான் கேக்கறேன். எந்த மக்கள்?

டீக்கடை_பெஞ்சு:
நார்விச்லேர்ந்து வேடிக்கை பாக்கறேன், சண்டைய தொடருங்க. ஒரு சந்தேகம் மட்டும், பிரைட்டன்ல 2011லயே கிரீன்ஸ் ஆட்சி வந்துச்சே, அப்புறம் இது எப்படி பர்ஸ்ட்?

ஸ்டோமார்க்கெட்_வாசி:
அது மைனாரிட்டி ஆட்சிண்ணே. 54ல 23 தான். அதிக சீட்டு வச்சிருந்தாங்க, மெஜாரிட்டி இல்ல. இங்க பாதிக்கு மேல ஏழு சீட்டு. வித்தியாசம் புரியுதா?

டீக்கடை_பெஞ்சு:
புரியுது புரியுது. அதே பிரைட்டன்ல இதே மே 4 அன்னிக்கு கிரீன்ஸ் 7 சீட்டுக்கு வந்து நிக்கறாங்க, லேபருக்கு 38. அத பார்வர்டுல போடலையே? இடம் பத்தலையா?

வன்னிச்சிட்டு:
நான் மிட் சஃபோக்கில நீடம் மார்க்கெட்டில இருக்கிறன். பச்சைக் கட்சிக்குத் தான் போட்டனான். அம்மாவுக்கு போன் எடுத்து "பச்சை வெண்டிட்டுது"னு சொல்ல, அவ "யூஎன்பி அங்கயும் வந்திட்டாங்களோ"னு கேக்கிறா, இலங்கையில பச்சை எண்டா யூஎன்பி கட்சி தானே 😂 இங்க நீங்கள் என்னடா எண்டா பிரிச்சுப் பெருக்கிக் கொண்டு நிக்கிறியள்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சிரிக்கலாம், கேள்வி அப்படியே தான் இருக்கு. ஒரு வார்டுல மூணு பேர் நிக்கறாங்க, 40, 35, 25னு ஓட்டு விழுதுன்னு வச்சுக்கங்க. 40 எடுத்தவன் சீட்ட தூக்கிட்டுப் போயிடுவான், மிச்ச 60 பேரு ஓட்டு குப்பையில. இப்படி எல்லா வார்டுலயும் நடந்தா 40 ஓட்டுக்கு 100 சீட்டு. இதுல சில வார்டுல ரெண்டு சீட்டு, அங்க ஒரு ஆளுக்கு ரெண்டு ஓட்டு, ஒண்ண இங்க ஒண்ண அங்க போடறவனும் இருக்கான், ஒண்ணு மட்டும் போட்டுட்டு வர்றவனும் இருக்கான். இத்தனைக்கும் உள்ளாட்சித் தேர்தல்னா இங்க பொதுவா மூணுல ஒருத்தன் தான் பூத்துக்கே போறான். அப்புறம் எங்கேர்ந்து வந்துச்சு 70 சதவீத மக்கள்? சொல்லுங்க, நான் காத்திருக்கேன்.

ஸ்டோமார்க்கெட்_வாசி:
காத்திருங்க. அதுக்கு முன்னாடி நீங்க எந்த ஊருன்னு இவங்களுக்கு சொல்லுங்க. இப்ஸ்விச். இப்ஸ்விச் தனி பரோ, அதாவது வேற கவுன்சில். மிட் சஃபோக்ல உங்களுக்கு ஓட்டே கிடையாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல பந்தி சரியில்லன்னு சொல்ற ஆளு.

கணக்குப்பிள்ளை:
ஓ அப்படியா. உங்க மிட் சஃபோக் கவுன்சில் ஆபீஸ் எங்க இருக்கு? எண்டவர் ஹவுஸ். அது எந்த ஊரு? இப்ஸ்விச். நீடம் மார்க்கெட்ல இருந்த ஆபீஸ மூடிட்டு 2017ல எங்க ஊருக்குத் தான் குடி வந்தீங்க. ஆபீஸ் எங்க ஊர்ல, பக்கத்து பேபர் கவுன்சிலுக்கும் உங்களுக்கும் ஒரே ஊழியர்கள், இதுல எனக்கு பேச உரிமை இல்லையாம்.

வன்னிச்சிட்டு:
அந்த ஆபீஸ் போனது எங்களுக்கு இண்டைக்கும் கோவம் தான். அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம் அண்ணை.

புதுசா_வந்தவன்:
அண்ணே நான் ஸ்டூடண்ட் விசால இருக்கேன், இந்தியன் பாஸ்போர்ட். எனக்கெல்லாம் ஓட்டு இருக்கா? டிஸ்ட்ரிக்ட்னா கலெக்டர் மாதிரி யாராவது இருப்பாங்களா?

டீக்கடை_பெஞ்சு:
இருக்கு தம்பி, காமன்வெல்த் நாட்டுக்காரன் விசாவோட இங்க குடியிருந்தா பேரு பதிஞ்சு ஓட்டுப் போடலாம், இந்தியா இலங்கை ரெண்டும் அதுல சேத்தி. கலெக்டர் எல்லாம் இல்ல. குப்பை அள்றது, வீடு கட்ட பிளானிங் பர்மிஷன், இந்த மாதிரி சமாச்சாரம்.

வன்னிச்சிட்டு:
ஓம், இந்த முறை தான் முதல் தடவையா ஐடி கேட்டவங்கள். எங்கட பாஸ்போர்ட்டும் செல்லும். அதில ஒரு அநியாயம் என்னெண்டா வயசானவையின்ர பஸ் பாஸ் செல்லுமாம், இளம் பிள்ளையளின்ர ரயில் கார்ட் செல்லாதாம். ரெண்டிலயும் படம் இருக்குத் தானே?

ஸ்டோமார்க்கெட்_வாசி:
அதாங்க்கா டோரி வேலை. பெருசுங்க ஓட்டு விழணும் சின்னப் பசங்க ஓட்டு விழக்கூடாது. அப்படியும் தோத்தாங்க பாருங்க, நாடு முழுக்க ஆயிரம் கவுன்சிலருக்கு மேல போச்சு. அங்க தான் 70 சதவீதத்தோட அருமை தெரியுது.

கணக்குப்பிள்ளை:
மறுபடியும் 70!! சரி உங்க கணக்குக்கே வரேன். சஃபோக் கவுண்டி கவுன்சில் (டிஸ்ட்ரிக்டுக்கு மேல இருக்கிறது), 2021 தேர்தல், மொத்தம் 75 சீட்டு, டோரி 55. வகுத்துப் பாருங்க, 73 சதவீதம். அப்போ சஃபோக் மக்கள்ல 73 சதவீதம் டோரின்னு நான் நாளைக்கு ஒரு பார்வர்டு விட்டா ஒத்துப்பீங்களா? 73 பெருசா 70 பெருசா?

ஸ்டோமார்க்கெட்_வாசி:
அது வேற எலக்‌ஷன் சார். அது கோவிட் நேரம், தடுப்பூசி போட்ட சந்தோஷத்துல குத்தினாங்க.

கணக்குப்பிள்ளை:
😂😂😂 உங்களுக்கு விழுந்தா மக்கள், அவங்களுக்கு விழுந்தா ஊசி.

டீக்கடை_பெஞ்சு:
இது நல்லாருக்கு. சரி, கிரீன்ஸ் வந்தாச்சே, எங்க அக்கா வீட்டு ரோட்டுல இருக்கிற குழிய எப்போ மூடுவாங்க? போன மாசம் டயர் போச்சு.

ஸ்டோமார்க்கெட்_வாசி:
ரோடு டிஸ்ட்ரிக்ட் கையில இல்லண்ணே, கவுண்டி கையில. அதாவது மேல சார் பெருமையா சொன்ன அந்த 73 சதவீதம் கையில. டயர் பில்ல அங்க அனுப்புங்க.

கணக்குப்பிள்ளை:
நான் பெருமையா சொல்லல, உதாரணம் சொன்னேன். நான் டோரியும் இல்ல.

ஸ்டோமார்க்கெட்_வாசி:
யாரு கண்டா. போன வருஷம் கவுன்சில் டாக்ஸ் ஏறினப்போ "மிட் சஃபோக் கொள்ளையடிக்குது"ன்னு இங்க நாலு பக்கம் எழுதினது நீங்க தான? பில்லு அனுப்பறது தான் டிஸ்ட்ரிக்ட், காசுல பெரும்பங்கு கவுண்டிக்குப் போவுதுன்னு நான் சொன்னப்புறம் கூட ஒத்துக்கல. அந்த இழையையே காணோம் இப்போ. கணக்குப்பிள்ளைன்னு பேரு வேற.

கணக்குப்பிள்ளை:
பழசக் கிளறாதீங்க. அன்னிக்கு நான் எழுதினது மொத்த பில்லப் பத்தி, நீங்க பேசினது பங்கப் பத்தி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

வன்னிச்சிட்டு:
அண்ணைமார், ரெண்டு பேரும் முக்கியமான விசயத்தை விட்டிட்டியள். 2019ல என்ன நடந்தது? டோரி 16, பச்சை 12, லிப்டெம் 5, சுயேச்சை ஒண்டு. 16ம் 1ம் 17, 12ம் 5ம் 17. சரிபாதி. அந்த இழுபறியைப் பாத்தே சனம் அலுத்துப் போச்சு. வீடு வீடா கட்டிக் கொண்டு போறாங்கள், டொக்டரிட்ட இடமில்ல, அதோட வயலுக்குள்ளால பைலான் (கரண்ட் கோபுரம்) வரப் போகுதாம், அந்தத் திட்டத்துக்கு வைச்ச பேர் என்ன தெரியுமோ, ஈஸ்ட் ஆங்கிலியா கிரீன்! நான் பச்சைக்குப் போட்டது அந்த ஆள் நாலு வருசமா எங்கட தெருவில நிண்டு கதை கேட்டதுக்காக. பூமி வெப்பத்துக்காக இல்ல.

டீக்கடை_பெஞ்சு:
காத்தாலை கரண்டு வேணும், அத கொண்டு வர கோபுரம் வேணாம். மாட்டுக்குப் பால் வேணும் சாணி வேணாம்ங்கிற கதை.

வன்னிச்சிட்டு:
கடலுக்குக் கீழால கொண்டு போகட்டும் எண்டு தானே கேக்கினம்? உங்கட நார்விச் வீட்டுப் பின்பக்கம் கோபுரம் வந்தா தெரியும் சாணியும் பாலும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதுலேர்ந்து என்ன தெரியுது? அவங்க ஒரு *ஆளுக்கு* ஓட்டுப் போட்டாங்க, கட்சிக்கு இல்ல. அப்போ 70 சதவீத மக்கள் கிரீன் பார்ட்டி பக்கம்ங்கிறது இன்னும் பொய்யாவுது. 1) சீட்டு ஓட்டு இல்ல 2) ஓட்டு மக்கள் இல்ல 3) மக்கள் கட்சி இல்ல. இத விட எப்படி சொல்றது?

வன்னிச்சிட்டு:
என்னை உங்கட கணக்குக்குள்ள இழுக்காதேங்கோ. நான் அப்பிடிச் சொல்லேல்ல.

ஸ்டோமார்க்கெட்_வாசி:
சார், 24 பேரு ஜெயிச்சாங்க. கிரீன்ஸ் ஆளு ஆண்டி மெல்லன் கவுன்சில் லீடரா வரப் போறாரு. அத உங்க வகுத்தல் கணக்கால தடுக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:
வரட்டும், மாலை போடுங்க. 70 சதவீதம் மக்கள்ங்கிறத திருத்துவீங்களா மாட்டீங்களா?

புதுசா_வந்தவன்:
நடுவுல வர்றதுக்கு சாரி, பட்டாபிஷேக லீவால இந்த வாரம் குப்பை பின் எடுக்கறது ஒரு நாள் தள்ளிப் போகுமா? ஸ்டோமார்க்கெட் தான். கருப்பு பின்னு நிரம்பி வழியுது.

ஸ்டோமார்க்கெட்_வாசி:
தம்பி எனக்கு தனியா மெசேஜ் போடு, உன் தெருவப் பாத்து சொல்றேன். இவரு முன்னாடி சொன்னா எத்தனை சதவீதம் குப்பைன்னு கேப்பாரு.

கணக்குப்பிள்ளை:
குப்பை பின் கதைய வேற எங்கயாவது வச்சுக்கங்க. மூணு மணி நேரமா கேக்கறேன், பதில் வரல. எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல?

ஸ்டோமார்க்கெட்_வாசி:
அதே பார்வர்டு இன்னும் நாலு குரூப்புக்குப் போயாச்சு சார். 70ஓட.

கணக்குப்பிள்ளை:
எந்தெந்த குரூப்பு?