40,000 ரூபாய் கட்டி பிசினஸ் கோச்சிங் சேரலாமா? (நைட்டி யூனிட், ஈரோடு)

ஈரோட்டுத் தையல்:

வணக்கம். வீட்டை ஒட்டின ஷெட்டில் நானும் கணவரும் நைட்டி தைத்து விற்கிறோம். 8 பவர் மெஷின், 2 ஓவர்லாக், கட்டிங் மாஸ்டர் ஒருவர். ஆறு வருஷம் ஆகிறது. ஜவுளிச் சந்தைக்கும் போடுகிறோம், நாலைந்து வெளியூர்க் கடைகளுக்கும் பார்சல் போகிறது. ஆர்டர் இல்லை என்று சொல்ல முடியாது, மெஷின் நிற்பதே இல்லை, ஆனால் சனிக்கிழமை டெய்லர்களுக்குக் கூலி கொடுக்க இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. பணம் எங்கே போய் நிற்கிறது என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஹோட்டல் ஹாலில் இலவசக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். நாள் முழுக்கப் பேசினார்கள், கேட்கும்போது தெம்பாகத்தான் இருந்தது. கடைசியில் மூன்று மாத கோச்சிங் 40,000 ரூபாய், அன்றைக்கே கட்டினால் 5,000 குறைப்போம் என்றார்கள். நான் கட்டவில்லை. கணவர் சேரச் சொல்கிறார். மாமனாரோ, வியாபாரத்தை யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்க முடியாது என்கிறார்.

பயிற்சிக்குப் போய் நிஜமாகவே லாபம் கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்த மாதிரிப் பயிற்சி கைக்காசில் தெரியும்?

விசைத்தறிக்காரன்:

அக்கா, அவசரப்படாமல் விட்டது நல்லது. நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றில் கட்டினேன். 60 பேர் ஒரே ஹாலில், பேக்கரிக்காரர், ரியல் எஸ்டேட்காரர், நான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இலக்கு எழுதினோம். என் தறியை ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. நூல் விலை ஏறும்போது பழைய விலைக்கு ஒத்துக்கொண்ட ஆர்டரை என்ன செய்வது என்று கேட்டேன், மனநிலையை மாற்றுங்கள் என்றார்கள். மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படங்கள் மட்டும்தான் வந்தன.

படிக்கிற பழக்கம்:

உங்கள் மாமனார் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, அந்த ஹோட்டல் ஹால் ஆட்கள் சொல்வதும் சரியில்லை. இதை ஆராய்ச்சியாளர்கள் நிஜக் கடைகளிலும் மில்களிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் குடும்பங்கள் நடத்தும் துணி மில்கள் நிறைய. நிக்கோலஸ் புளூம் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய குழுவும் அவற்றில் 17 நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆலோசகர்கள் ஒரு மாதம் வந்து பார்த்து, குறைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னொரு பிரிவில் அதற்கு அப்புறமும் நாலு மாதம் மில்லிலேயே கூட நின்று செய்யவைத்தார்கள். செய்யவைத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தரையில் கிடந்த சாமான்களை ஒழுங்குபடுத்துவது, நூல் இருப்பை எண்ணி எழுதிவைப்பது, எந்தத் தறியில் எந்த மாதிரிப் பழுது வருகிறது என்று தினமும் குறிப்பது, மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று காலையில் பத்து நிமிஷம் பேசுவது. இப்படி 38 பழக்கங்கள். முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17% ஏறியது என்று 2013-இல் வெளியிட்டார்கள். தலைமுறையாக மில் நடத்துகிற முதலாளிகள் இதையெல்லாம் ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்டதற்கு, சிலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள், பலர் தங்கள் மில்லுக்கு இது தேவைப்படாது என்று நினைத்திருந்தார்கள். எட்டு ஒன்பது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பழக்கங்கள் கைவிட்டுப் போயிருந்தன, மேனேஜர் மாறினதும் முதலாளிக்கு நேரமில்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். மீதிப் பாதி அப்படியே நிலைத்துவிட்டது.

அவையெல்லாம் நூற்றுக்கணக்கில் ஆள் வேலை செய்கிற மில்கள், உங்களுடையது 8 மெஷின், அது புரிகிறது. சின்னக் கடைகளுக்கு டோகோ நாட்டு லோமே நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். 1,500 சிறு தொழில்காரர்களில் 500 பேருக்கு வழக்கமான பாடம், அதாவது கணக்கு, மார்க்கெட்டிங், ஆள் நிர்வாகம். 500 பேருக்கு, தானாக முன்கை எடுப்பது, மற்றவர் செய்யாததை யோசிப்பது, தடை வரும் என்று முன்பே திட்டம் போடுவது என்று வேறு மாதிரிப் பயிற்சி. மீதி 500 பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது கூட்டத்துக்கு லாபம் 30% கூடியது. வழக்கமான பாடம் படித்தவர்களுக்கு 11%, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்குகிற அளவுதான். ஒரு பெண் கல்யாண கவுன் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், கவுன் எடுக்க வருகிறவர்களுக்குக் கையுறையும் முக்காடும் தேவைப்படுகிறதே என்று யோசித்து அவற்றையும் விற்கத் தொடங்கினார். இதையும் கவனியுங்கள்: இரண்டு பயிற்சியிலுமே வகுப்பு முடிந்தபின் நாலு மாதம், மாதம் ஒரு தடவை பயிற்சியாளர் கடைக்கே வந்தார்.

கண்டியிலிருந்து:

நானும் ஒன்று சொல்கிறேன். கொழும்பிலும் கண்டியிலும் பெண்களை வைத்து இதே மாதிரி ஒரு ஆய்வு நடந்தது, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் பயிற்சிதான் கொடுத்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்கு வகுப்பு மட்டும் கொடுத்ததில் லாபத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கூடக் காசும் கொடுத்தபோது முதலில் கூடியது, இரண்டாம் வருஷம் அதுவும் கரைந்துவிட்டது. ஆனால் இனித்தான் தொழில் தொடங்கப் போகிற பெண்களுக்குப் பயன் இருந்தது, சீக்கிரம் தொடங்கினார்கள், லாபமும் பரவாயில்லை.

என்னுடைய அனுபவமும் அதுதான். கேக் செய்து விற்கத் தொடங்கும் முன் பத்து நாள் வகுப்புக்குப் போனேன், முட்டை, பட்டர், காஸ் எல்லாம் போக என் நேரத்துக்கும் விலை போட வேண்டும் என்று அங்கேதான் விளங்கியது. அதனால் வகுப்பே வீண் என்று சொல்லாதீர்கள். ஆறு வருஷமாகச் செய்கிற அக்காவுக்கு அந்த வகுப்பு தேவையில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:

கண்டித் தங்கை சொன்னதை நான் ஆமோதிக்கிறேன். கிளையில் இருந்த காலத்தில் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டுக் கடனுக்கு வந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். 1982-இல் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் தொடங்கிய ஒரு நிலையத்தைப் பார்த்து நாடு முழுக்க வந்ததுதான் அது, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் இலவசம். பயிற்சி சில வாரம்தான், ஆனால் அப்புறம் இரண்டு வருஷம் கூடவே இருந்து விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரிப்பவர் நிஜமாகவே வந்துபோன இடத்தில் கடையும் நிலைத்தது, தவணையும் வந்தது. வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்கானது என்பதால் உங்களுக்குப் பொருந்தாது அம்மா. சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிற தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது, மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் எனக்குப் பயிற்சிக்கு முன்னால் நோட்டுப் புத்தகம்தான் தோன்றுகிறது. மெஷின் ஓடுகிறது, கையில் பணம் இல்லை என்றால் பணம் மூன்று இடத்தில் நிற்கும்: கடைக்காரர் பாக்கியில், விற்காத சைஸிலும் கலரிலும், இல்லையென்றால் வீட்டுச் செலவில். டொமினிக்கன் குடியரசில் சிறு வியாபாரிகளுக்கு முழுக் கணக்கியல் பாடம் நடத்தியதில் பலன் தெரியவில்லை. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் வேறு வேறு இடத்தில் வை என்பது மாதிரி எளிய விதிகள் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் கணக்கு வைப்பதில் முன்னேறினார்கள். 30 நாள் எழுதுங்கள்: எத்தனை மீட்டர் துணி வந்தது, எத்தனை பீஸ் வெட்டினது, எத்தனை தைத்து முடிந்தது, எத்தனை பிரித்துத் தைத்தது, எந்தக் கடை எத்தனை நாளில் பணம் தந்தது.

படிக்கிற பழக்கம்:

ஐயா சொன்னதோடு ஒன்று. நைரோபியில் தண்டோரா என்ற பகுதியில், புதிதாகக் கடை வைத்த பெண்களுக்கு அதே பகுதியில் பல வருஷம் வெற்றிகரமாகக் கடை நடத்துகிற பெண்ணையே வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டார்கள். லாபம் 20% போலக் கூடியது, வகுப்புக்குப் போனவர்களுக்கு அது இல்லை. மலிவாகச் சரக்கு தருகிறவர் யார் என்பது அந்த அக்காவுக்குத்தானே தெரியும். சந்திப்பு நின்றதும் பலனும் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஈரோட்டில் 30 மெஷின் வைத்து நல்லபடியாக நடத்துகிற ஒரு அக்காவை உங்களால் கண்டுபிடிக்க முடியாதா?

அதற்கப்புறமும் கோச்சிங் சேர நினைத்தால் கட்டும் முன் கேளுங்கள்: என் ஷெட்டுக்கு எத்தனை தடவை வருவீர்கள், என் நோட்டைப் பார்ப்பீர்களா, துணித் தொழிலில் உங்களிடம் படித்த இரண்டு பேர் நம்பர் தருவீர்களா.

ஈரோட்டுத் தையல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கணவரோடு உட்கார்ந்து பழைய பில்லை மட்டும் எடுத்துப் பார்த்தோம். ஒரே ஒரு வெளியூர்க் கடையில் 1,12,000 ரூபாய் நிற்கிறது, நாலு மாதமாக. அவர் நல்ல மனிதர், கேட்டால் தந்துவிடுவார் என்று நினைத்து அவருக்குத் தொடர்ந்து பார்சல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். மேலே பரணில் எக்ஸ்எல் சைஸ் கிட்டத்தட்ட 300 பீஸ் கிடக்கிறது. கோச்சிங் ஆட்களுக்கு போன் செய்து ஷெட்டுக்கு வருவீர்களா என்று கேட்டேன், ஆன்லைனில்தான் பேசுவோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சந்தையில் எனக்கு நாலு கடை தள்ளி ஒரு அக்கா 20 வருஷமாக இருக்கிறார், செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைந்தபின் அவரிடம் போய்ப் பேசப் போகிறேன். நோட்டு இன்றைக்குக் காலையில் வாங்கிவிட்டேன், முதல் பக்கம் மாமனார் கையால் பிள்ளையார் சுழி.