வேன் ஓட்டுநர் பற்றி மாணவி சொன்னது: போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டுமா?

கணக்கு டீச்சர்:
ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வேனில் முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாள். தனியாகக் கேட்டேன். கியர் மாற்றும் சாக்கில் ஓட்டுநர் தொடையில் கை வைக்கிறாராம். தாளாளரோ, "பள்ளி பெயர் கெட்டுவிடும், நாமே விசாரிப்போம்" என்கிறார். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற எச்.எம்:
விசாரிப்பது பள்ளியின் வேலை இல்லை அம்மா. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே போலீசுக்குச் சொல்ல வேண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 1 ஆண்டு வரை சிறை. 21ஆம் பிரிவைத் தாளாளர் மேசையில் வையுங்கள். பள்ளிப் பெயரைவிட அந்தப் பிள்ளை பெரிது.

கணக்கு டீச்சர்:
சரி ஐயா. ஆனால் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களோ என்று அவள் அம்மா பயப்படுகிறார்.

வக்கீல் அக்கா:
வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். போலீஸ் சீருடையில் வரக்கூடாது. முடிந்தவரை பெண் எஸ்.ஐ.தான் வரவேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்ன உங்கள் மேல் வழக்கு வராது. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், பாவம். இப்போதே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள். அப்புறம், நாளைக்கு அந்த ஆள் வேனை எடுக்கவே கூடாது. அதில் மற்ற பிள்ளைகளும் போகிறார்கள்.